மரண அறிவித்தல் அட்டை: கைத்தொலைபேசிக்கேற்ப வடிவமைத்தலும் கருத்துக் கேட்டலும்

மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்து பார்க்காத நாள், புலம்பெயர்ந்து வாழும் எம்மில் பலருக்கு இல்லை. படம், பெயர், பிறப்பிடம், வதிவிடம், பார்வைக்கு வைக்கும் நேரம், தகனம் நடைபெறும் இடம், தொடர்பு இலக்கங்கள் என அத்தனையும் ஒரு சிறிய அட்டைக்குள் அடங்க வேண்டும். கணினியில் ஒழுங்காகத் தெரியும் அட்டை, கைத்தொலைபேசியில் தகன நேரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டால், ஓர் உறவினர் இறுதி நிகழ்வையே தவறவிடக்கூடும். ஆகவே இதனை வெறும் அழகு சார்ந்த விடயமாக நாம் கருத முடியாது.

திரையின் அகலத்துக்கேற்ப மாறும் வடிவமைப்புக்கு 2010 ஆம் ஆண்டு 'ரெஸ்பொன்சிவ் வெப் டிசைன்' எனப் பெயரிட்டவர் ஈதன் மார்கொட். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையளவை அறிந்து மாறும் மீடியா குவெரி விதிகள் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை.

கேட்பதற்கு முன் நாமே பார்க்க வேண்டியவை

2018 இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.1 தெளிவான அளவுகளைத் தருகிறது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் வாசிக்க முடிய வேண்டும். எழுத்தை 200 வீதம் பெருப்பித்தாலும் எதுவும் மறையக்கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 மாறுபாடு வேண்டும். துயர அறிவித்தல்களில் விரும்பிப் பயன்படுத்தப்படும் மெல்லிய சாம்பல் எழுத்து பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

தமிழுக்கெனச் சில சிக்கல்களும் உண்டு. 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும்' போன்ற நீண்ட சொற்கள் ஒடுங்கிய அட்டையை மீறும்; சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' விதி இதற்கு உதவும். அட்டையின் உயரத்தை நிலையாக வைத்தால் கடைசி வரி வெட்டுப்படும். வரி இடைவெளி குறைந்தால், மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ' உடன் முட்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

"வடிவாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ஓம், நல்லாயிருக்கு" என்ற பதிலே கிடைக்கும். அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுப்போம். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் ஓர் அம்மாவிடம் அவருடைய சொந்தத் தொலைபேசியிலேயே அட்டையைக் காட்டி, "தகனம் எத்தனை மணிக்கு? யாருக்கு அழைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு அமைதியாகப் பார்த்திருப்போம். அவருடைய விரல் தடுமாறும் இடமே நமக்குரிய பதில். மாதிரிக்கு உண்மையான குடும்பத்தின் அறிவித்தலை எடுக்காமல், நீண்ட பெயரும் நான்கைந்து தொடர்பு இலக்கங்களும் கொண்ட கற்பனை அறிவித்தலை வைப்பதே முறை.

பலரைத் திரட்டத் தேவையில்லை. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது 2000 ஆம் ஆண்டில் யாக்கோப் நீல்சன் முன்வைத்த கணிப்பு.

வடிவமைப்புத் தெரிந்தவரிடம் கேட்கும்போது முழுத் தளத்தையும் அனுப்பாமல், அந்த அட்டைக்குரிய நிரல் பகுதியை மட்டும் கொடுப்போம். எந்த அகலத்தில், எந்த உலாவியில், எதை எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கிடைத்த கருத்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். "நேரம் தெரியவில்லை" என்பது குறை. உடனே திருத்த வேண்டும். "கறுப்புக்குப் பதில் நீலம் நல்லது" என்பது விருப்பம், அது பொறுத்திருக்கலாம். திருத்திய பின் அதே கேள்விகளை, முன்பு பார்த்திராத இன்னொருவரிடம் மீண்டும் கேட்க வேண்டும்.