பாசறைத் தீயும் கந்தக மண்ணும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிச் செல்லும் வழியில் சாரணர் தோன்றி அறம் உரைப்பதைப் படித்திருக்கிறோம். அங்கே அச்சொல் சமண முனிவரைக் குறிக்கிறது. ஒற்றரைக் குறிக்கவும் அது வழங்கியதுண்டு. ஓரிடத்தில் தங்காது நடப்பவர், கண்ணையும் காதையும் திறந்து வைத்திருப்பவர் என்னும் பொருள் இரண்டிலும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயரின் ‘ஸ்கவுட்’ இந்நாட்டுக்கு வந்தபோது, நம் முன்னோர் இந்தப் பழஞ்சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினர். பொருத்தமான பெயரே. ஏனெனில் சாரணர் கல்விக்குப் பள்ளிக்கூடம் நான்கு சுவர்களுக்குள் இல்லை. வெட்டவெளியே அதன் வகுப்பறை.

அந்த வகுப்பறை முதலில் கூடியது இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ என்னும் சிறு தீவில். ஆண்டு 1907, ஆகஸ்டு முதல் வாரம். பாசறையை நடத்தியவர் பேடன் பவல். 1876-இல் இளம் படை அதிகாரியாக லக்னோவுக்கு வந்தவர்; பின்னர் மீரட்டில் ஒரு குதிரைப்படைக்குத் தலைமை ஏற்றவர். வீரர்கள் சிறு குழுக்களாகச் சென்று சுவடு பார்த்து, திசை அறிந்து, கண்டதைப் பிழையின்றிச் சொல்லப் பழக வேண்டும் என்று அவர் கருதியது அங்கேதான். தென்னாப்பிரிக்காவின் மேஃபகிங் நகரில் 217 நாள் நீடித்த முற்றுகையின்போது, சிறுவர்கள் செய்தி சுமந்து ஓடியதையும், ஒப்படைத்த பொறுப்பைப் பெரியவர்களுக்கு இணையாக நிறைவேற்றியதையும் நேரில் கண்டார். படைக்கென எழுதிய பாடங்களை அமைதிக்காலச் சிறுவர்களுக்கென மாற்றலாம் என்னும் எண்ணம் அதன் பின்னரே வளர்ந்தது.

பிரவுன்சீயில் கூடிய சிறுவர் ஏறத்தாழ இருபதின்மர். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்னும் நீர்ப்பறவை ஆகிய நான்கு பெயர்களில் நான்கு அணிகள். எண்ணிக்கை சிறிது, ஆனால் அதில் ஒரு பெரிய செய்தி இருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் புகழ்பெற்ற பள்ளிகளிலிருந்து ஒரு பாதியினர்; உழைத்துண்ணும் எளிய குடும்பங்களிலிருந்து மறுபாதியினர். பொருளுள்ளவனிடம் ஒரு பவுன் கட்டணம். இல்லாதவனிடம் மூன்றரை ஷில்லிங். ஆனால் கூடாரம் ஒன்று, அடுப்பு ஒன்று, வேலையும் ஒன்று. இங்கிலாந்தின் வகுப்புப் பிரிவினை எத்துணைக் கடியது என்பதை அறிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

இவ்வளவு நல்ல தொடக்கம் பெற்ற இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது நமக்குக் கதவைச் சாத்தியது. 1909-இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் முதல் அணியைத் தொடங்கினார். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே அதில் இடம். இந்தியச் சிறுவனுக்குச் சாரணர் உடை தந்தால் நாளை அவன் விடுதலை கேட்பான் என்று ஆட்சியாளர் அஞ்சினர். மூடிய கதவின் முன் நம்மவர் காத்திருக்கவில்லை. சென்னையில் அன்னிபெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-ஐ ஒட்டி இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். இந்தியப் பாடல்களும் தலைப்பாகையும் அதில் இடம்பெற்றன. வடக்கே மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதியின் சாரணர் படையை வளர்த்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்துடன் இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. 1937-இல் மீண்டும் வந்த பேடன் பவல் இந்தியரைப் பற்றிக் கூறிய சில சொற்கள் புண்படுத்தவே, பலர் வெளியேறினர். மறு ஆண்டில் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் சாரணர் பல பிரிவாகவே நின்றனர். அவர்களை ஒன்றாக்கும் முயற்சியில் பண்டித நேருவோடு தோள் கொடுத்தவர் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டும். 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் அதில் இணைந்தனர். சமயத்தாலும் கட்சியாலும் பிளவுண்டிருந்த காலத்தில், சிறுவர்களையாவது ஒரே கொடியின்கீழ் நிறுத்திய செயல் அது.

இனி, நம் விருதுநகர்ச் சீமைக்கு வருவோம்.

மழை குறைந்த கரிசல் காடு இது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். உழவன் வருந்தும் இந்த வறட்சியே வேறொரு தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. ஈரமில்லாக் காற்றில் தீக்குச்சி மருந்து விரைவில் உலரும், வெடிமருந்தும் அவ்வாறே. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-ஐ ஒட்டித் தம் ஊரில் அதை நிறுவினர். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. வானம் பொய்த்த ஊர் ‘குட்டி ஜப்பான்’ எனப் பெயர் பெற்றது. இவ்வூராரின் உழைப்புக்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆயினும் இந்த வரலாற்றுக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. சாரணர் தேர்வுகளுள் ஒன்றை இங்கே நினைவுகூர்வோம். இரண்டாம் நிலைத் தகுதி பெற விரும்பும் சிறுவன், வெட்டவெளியில் விறகடுக்கி, இரண்டு தீக்குச்சிகளுக்கு மேல் செலவிடாமல் நெருப்பு மூட்டிக் காட்ட வேண்டும் என்பது பழைய விதி. காற்றின் போக்கறிந்து, காய்ந்த சருகு தேடி, சுள்ளியைச் சீவி, பொறுமையாக அவன் அதைச் செய்வான். அவன் கையிலிருந்த அந்த இரண்டு குச்சிகள் எங்கிருந்து வந்தன? சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவற்றைச் சட்டத்தில் அடுக்கியதும் பெட்டியை ஒட்டியதும் பெரும்பாலும் அவனுடைய வயதொத்த பிள்ளைகளின் கைகளே. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஆலைப் பேருந்துகள் விடியுமுன் ஊர்தோறும் வந்து நின்றன. ஒரு பிள்ளைக்கு நெருப்பு ஒரு கலை. மற்றொரு பிள்ளைக்கு அது கூலி, சில வேளை மரணம். ஒருவன் வெட்டவெளியில் விண்மீன் எண்ணினான். மற்றவள் கந்தக நெடிக்குள் குச்சி எண்ணினாள்.

இந்த அநீதியை நாடு கண்டுகொள்ளாமலில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிற்று. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அத்தொகை பிள்ளையின் நலனுக்கும் கல்விக்கும் உதவ வேண்டும். 2016-இல் திருத்திய சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துவதையும், 18 வயதுக்குட்பட்டோரை அபாயத் தொழிலில் அமர்த்துவதையும் தடுத்தது. பள்ளிக்கூடம் பெருகிற்று, ஆலைப் பேருந்துகளில் பிள்ளைகளின் கூட்டம் வற்றிற்று. காமராசர் பிறந்த மண் அவர் கண்ட கனவுக்கு ஓரளவேனும் நெருங்கி வந்தது. ஆனால் ஆலையிலிருந்து மீட்ட பிள்ளையை வகுப்பறையில் அமர்த்தினால் மட்டும் போதுமா? பறிபோன வெட்டவெளியை யார் திருப்பித் தருவது?

சாரணர் பாசறை இதற்கொரு விடை தருகிறது. பெருஞ்செலவு கேட்காத விடை. பாசறைக்கு வேண்டிய வசதிகள் யாவை என்று கேட்பவர்களுக்குச் சில சொல்வோம். மழை பெய்தால் நீர் தேங்காத சற்று மேடான தரை, பகலில் நிழல், நம்பத்தகுந்த குடிநீர். கூடாரங்களின்மேல் புகை படியாதபடி காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் விலகிய அடுக்களை. நீர்நிலைக்குத் தொலைவில் கழிப்பிடம். கழிவுநீருக்கு ஒரு குழி, குப்பைக்கு ஒரு குழி. மேசையும் பாத்திர மேடையும் செருப்புத் தாங்கியும் பிள்ளைகளே மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டுவர். ஆணி ஒன்றும் அடிக்கலாகாது. பாசறை கலையும் நாளில் குழிகளை மூடி, வந்தபோது இருந்ததைவிட இடம் தூய்மையாயிருக்கும்படி விட்டுச் செல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் சிறிதன்று. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கம் என்னுமிடத்தில் உலகச் சாரணர் பெருவிழா கூடியது. ஏறத்தாழ 43,000 பேர் திரண்ட அவ்விடம் கடலைத் தூர்த்து உருவாக்கிய மரமற்ற வெளி. கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். கழிப்பிட வசதி குறித்தும் குறைகள் எழுந்தன. சில நாட்டினர் முன்னரே வெளியேறினர். புயல் அச்சத்தால் எஞ்சியோரும் இடம் பெயர நேர்ந்தது. பொருள் வளம் மிக்க நாட்டில் நிழலும் நீரும் குறைந்ததால் நேர்ந்த நிலை இது. வெயிலுக்குப் பேர்போன கரிசல் சீமையில் பாசறை அமைப்போர் இதை மறத்தலாகாது. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே இங்கு ஏற்ற காலம். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் பாரத சாரணர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி கூடியதும் இப்பருவத்தில்தான்.

மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலைத்தொடர் நிற்கிறது. திருவில்லிபுத்தூர் மலைச்சரிவு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. அங்கே செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். நெருப்பு மூட்டுவது கூடவே கூடாது. அடிவாரத்தில் நடந்து, பறவைக் குரல் கேட்டு, மரத்தின் பெயர் அறிந்து திரும்புவதே ஒரு பாசறைக்குப் போதிய பாடம். சமவெளியிலோ, பட்டாசு ஆலைகளுக்கும் மருந்துக் கிடங்குகளுக்கும் அருகில் பாசறைத் தீ வளர்ப்பதை நினைத்தும் பார்க்கலாகாது. எங்கே நெருப்பு மூட்டலாம் என்பதைவிட எங்கே மூட்டக்கூடாது என்பதே இவ்வட்டாரச் சாரணன் முதலில் கற்க வேண்டியது.

அவன் கற்கும் முதலுதவியும் அவ்வாறே. தீப்பட்ட இடத்தில் மையையும் பற்பசையையும் தடவும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. தூய குளிர்ந்த நீரை இருபது நிமிடம் புண்ணின்மேல் ஓடவிட்டு, தூய துணியால் தளர மூடி, மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை. ஆடையில் தீப்பிடித்தால் ஓடாதே, படுத்து உருள் என்பது மற்றொரு பாடம். கந்தக மண்ணில் வாழும் ஒவ்வொரு குடும்பத்திலும் இதை அறிந்த ஒரு பிள்ளை இருந்தால், எத்தனை தாய்மாரின் கண்ணீர் குறையும்!

நம் பெற்றோர் சிலருக்குத் தயக்கம் உண்டு. பிள்ளை பாசறைக்குப் போனால் தொழுகை என்னாவது, உணவு என்னாவது என்கின்றனர். முறையான கேள்வியே. ஆயின் சாரணர் உறுதிமொழியின் முதற்கடமை இறைவனுக்குரியது. அவரவர் மார்க்கத்தின்படி அதை ஆற்றுமாறே இயக்கம் பணிக்கிறது. உலகில் மிகப் பெரிய சாரணர் இயக்கம் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் இந்தோனேசியாவின் பிரமுகா என்பதும், 1961-இல் அது ஒன்றாய்த் திரண்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கன. பாசறையில் திசைகாட்டி பிடிக்கக் கற்ற பிள்ளை, விருதுநகரில் நின்று கிப்லாவைத் தானே காண்பான்: மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே. ஐவேளை நேரம் பேணும் வீட்டில் வளர்ந்தவனுக்குப் பாசறையின் ஒழுங்கும் புதிதாக இராது. பாத்திரம் துலக்கவும், தன் படுக்கையைத் தானே மடிக்கவும், வேற்று மதத் தோழனோடு ஒரே கூடாரத்தில் உறங்கவும் கற்றுத் திரும்பும் பிள்ளையால் வீட்டுக்கும் ஊருக்கும் நன்மையே.

சாரணர்கள் நடைவழியில் கல்லாலும் குச்சியாலும் குறிகள் இட்டுச் செல்வர். அம்புக்குறி இட்டால், இவ்வழியே வா. பெருக்கற்குறி இட்டால், இவ்வழி வேண்டாம். வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி இட்டால், நான் வீடு திரும்பிவிட்டேன். 1941 ஜனவரி 8-ஆம் நாள் கென்யாவில் மறைந்த பேடன் பவலின் கல்லறைமேல் இந்த வட்டமும் புள்ளியுமே பொறிக்கப்பட்டுள்ளன.

விருதுநகர்ச் சீமையின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருட்டில் வீட்டைவிட்டுக் கிளம்பி இருட்டில் திரும்பினர். அவர்களின் பேரப்பிள்ளைகளை, தோளில் ஒரு பையும் கையில் ஒரு கோலுமாகப் பகல் வெளிச்சத்தில் நடக்கவிடுவோம். பள்ளிதோறும் ஓர் அணி, ஆண்டுக்கொரு பாசறை, அதற்கென நிழலும் நீரும் உள்ள ஒரு திடல். இவ்வளவே நாம் கேட்பது. நடந்து களைத்த பிள்ளைகள் புழுதிக் காலோடு நலமாய் வீடு திரும்பி, வட்டமும் புள்ளியும் நம் வாசல் மண்ணில் வரையட்டும்.