கூதிர்ப் பாசறையும் எங்க ஊர் கிடையும்

பொங்கலுக்கு வந்த தங்கச்சி மகன் சென்னையில இருந்து ஒரு டென்ட் கொண்டுவந்திருந்தான். போன மாசம் கொடைக்கானல் குளிர்ல தங்கின ருசி இன்னும் விடலையாம். எங்க களத்துமேட்டுலயே அதை அடிச்சான். அறுத்த நெல்லு குவியலாக் கிடந்ததால நானும் அங்கேதான் காவல்.

"நம்ம ஆளுங்க யாராச்சும் குளிர்காலத்துல இப்படித் தங்கியிருக்காங்களா மாமா?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

குளிர்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதற்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: கூதிர்ப் பாசறை. கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்று எலும்புக்குள் போகிற காலம். பகைமேல் போன அரசன் அந்தக் குளிரிலும் வீடு திரும்பாமல் பாசறையில் இருப்பதைத் தொல்காப்பியம் வாகைத் திணையில் வைக்கிறது. வேண்டாவெறுப்பாக இல்லை, விருப்பத்தோடு இருப்பானாம். அந்த இடத்தில் 'காதல்' என்ற சொல்லையே போட்டிருக்கிறார் தொல்காப்பியர்.

அந்தப் பாசறை எப்படி இருந்தது என்று முல்லைப்பாட்டில் நப்பூதனார் விவரமாகச் சொல்கிறார். காட்டாற்றுப் பக்கம் செடிகொடிகளை வெட்டித் தள்ளி, முள்வேலி போட்டு, உள்ளே கடல் மாதிரி பரந்த பாடி. தழை வேய்ந்த கூரைகள் வரிசையாக நிற்கும் தெருக்கள். அரசனுக்கு நீளக் கழிகள் நட்டு, துணித்திரை கட்டிய தனி இடம். இடுப்பில் வாள் கட்டிய பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். நாழிகை வட்டிலைப் பார்த்து ஒருவர் நேரம் சொல்கிறார். காவலுக்குச் சட்டை போட்ட யவனர்கள்!

இவ்வளவு இருந்தும் அரசனுக்குத் தூக்கம் இல்லை. காயம்பட்ட யானைகளையும் குதிரைகளையும், செத்துப்போன வீரர்களையும் நினைத்துக்கொண்டே கிடக்கிறான்.

நக்கீரரின் நெடுநல்வாடை இன்னும் நெருக்கம். ஆரம்பமே நம்ம ஆளுங்கதான். வெள்ளத்துக்குப் பயந்து ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிவந்த கோவலர்கள், பல பேர் சேர்ந்து கொள்ளி மூட்டிக் கையைக் காய்ச்சுகிறார்கள். அப்படியும் தாடை நடுங்குகிறது. கறவை தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிற குளிர். கடைசியில் பாசறை. நடுராத்திரி, காற்றில் விளக்கு சாய்கிறது, நனைந்த குதிரைகள் உடம்பைச் சிலிர்த்து நீர்த்துளியை உதறுகின்றன. தோளிலிருந்து நழுவும் துண்டைப் பிடித்துக்கொண்டு, சில பேரோடு நடந்துபோய், புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான் அரசன்.

இதெல்லாம் ஓலைச்சுவடியோடு செல்லரித்துப் போயிருக்கும். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்ததால் இன்று என் கையிலும் ஒரு பிரதி.

அரசர்கள் போனார்கள், பாசறையும் போனது. கோவலர்கள் மட்டும் போகவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது, சம்பா அறுத்த வயல்ல கிடை போட ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒரு கீதாரி வருவார். ராத்திரி வலை கட்டி ஆடுகளை அடைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல இறங்கும். மறுநாள் வலை அடுத்த இடத்துக்கு நகரும். இப்படியே வயல் முழுக்க எரு ஆயிடும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு சொல்ற அதே மாசியில, ஓலைக் கூட்டுக்குள்ள அவங்க பச்சைக்குட்டிகளோட நானும் படுத்திருக்கேன். குட்டிங்க சூடும் வெளியே எரியிற மட்டையோட புகைவாசமுமா, வீட்டுல கூட அப்படித் தூங்கினதில்லை. ஆனா எப்ப முழிச்சாலும் கீதாரி உட்கார்ந்துதான் இருப்பார். நரி வரும், திருடன் வருவான். அவர் முழிச்சிருந்ததாலதான் எனக்கு அந்தத் தூக்கம்னு அப்பத் தெரியலை.

பிறகு மூட்டை உரம் வந்தது, கிடை குறைஞ்சது. எங்க வயல்ல வலை கட்டி ஆறு வருஷம் ஆச்சு. மண்ணு இறுகிக் கிடக்கு, மண்வெட்டி போட்டாலே தெரியுது.

கதை முடிஞ்சு மருமகன் டென்டுக்குள்ள போனான். ரெண்டு மணி வாக்குல நடுங்கிக்கிட்டே வெளிய வந்துட்டான். உள்ளே மூச்சுக்காத்தே தண்ணியாச் சொட்டுதாம். நெல்லுக்கு எட்டத்தள்ளி நான் மூட்டியிருந்த தீப்பக்கம் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்துல என் கம்பளியைப் போர்த்திக்கிட்டு அங்கேயே தூங்கிட்டான். நான் நெல்லையும் அவனையும் பார்த்துக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கீதாரியோட மகன்கிட்ட இந்த மாசிக்குக் கிடை கேட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லியிருக்கார். மருமகனும் லீவு போட்டு வர்றானாம். டென்ட் வேணாம், ஓலைக் கூடு போதும்ங்கிறான்.