இரண்டாவது வாக்குச்சீட்டு

1996 அக்டோபரில் நான் முதன்முறையாக வாக்களித்தபோது, சென்னையின் வாக்குச்சாவடியில் என்னிடம் இரண்டு சீட்டுகள் தரப்பட்டன. ஒன்று வட்ட உறுப்பினருக்கு; மற்றொன்று மேயருக்கு. அந்த இரண்டாவது சீட்டின் அருமையை அன்று நான் உணரவில்லை.

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். 1933இல் முத்தையா செட்டியார் மேயரானபோதும், விடுதலைக்குப் பின்னரும், மன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தனர். 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை. ஆகவே 1996இல் மு. க. ஸ்டாலின் பெற்ற வெற்றி, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் என்னும் சிறப்பையும் உடையது. 2001இலும் அவரே வென்றார். 2002இல் ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் ஒருசேர இருத்தலாகாது என்று சட்டம் திருத்தப்பட, மேயர் பதவி அவரை விட்டு நீங்கிற்று.

பின்னர் நடந்ததை ஊஞ்சலாட்டம் என்றே சொல்ல வேண்டும். 2006இல் மறைமுகத் தேர்தல்; 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல், சைதை துரைசாமி மேயரானார். 2016இல் மறைமுகம், 2018இல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுகம். இவற்றுள் 2018இன் திருத்தத்தின்படி ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. தேர்தல் நடக்குமுன்பே அது போயிற்று! ஆட்சியிலிருந்த இரு கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றமே வகுக்கலாம் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் விட்டுவைத்த இடைவெளி இது.

மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் நிர்வாகம் முடங்கும் என்னும் வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் நிர்வாக அதிகாரத்தை அரசு நியமிக்கும் ஆணையரிடமே வைத்திருந்தது. பல இலட்சம் வாக்குகள் பெற்ற மேயருக்கும் அந்த அதிகாரம் கைவரவில்லை. குறையை அங்கே தேடாமல் வாக்குச்சீட்டில் தேடினோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரமும் நேரடி மேயர் முறையை ஏற்றுப் பின் கைவிட்டதுதான். ஆயின் 2012இலும் 2022இலும் அந்நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள்.

2022 பிப்ரவரியில் சென்னையில் எனக்கு ஒரு வாக்கே இருந்தது. அடுத்த மாதம் மன்றம் கூடி ஆர். பிரியாவை மேயராக்கியது. ‘மாநகரத் தந்தை’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்து வந்த நான், அன்றுமுதல் ‘மேயர்’ என்றே சொல்கிறேன்.