'டாட்ரி': ஒரு புனிதரின் பெயர் இழிபொருள் பெற்ற வரலாறு

மலிவான பொருளால் செய்யப்பட்டுப் பகட்டாக மினுங்குவதை ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்னும் பெயரடையால் குறிப்பர். ஜிகினா ஒட்டிய ஆடை, பூச்சு மங்கிய கவரிங் நகை போன்றவற்றுக்கு மட்டுமன்றி, வெளியே தெரிந்தால் வெட்கப்படத்தக்க உறவுகளுக்கும் அரசியல் பேரங்களுக்கும் இச்சொல் இன்று வழங்குகிறது. 'பகட்டான' என்னும் தமிழ்ச்சொல் இதற்கு முழுமையாக ஈடாகாது. பகட்டுக்குப் பின்னால் உண்மையான செல்வம் இருக்கக்கூடும். டாட்ரியில் அது இல்லை. இத்தகைய இகழ்ச்சிச் சொல் ஒரு புனிதரின் பெயரிலிருந்து பிறந்தது.

எதெல்டிரெடா, கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட அன்னா என்னும் அரசரின் மகள். நார்தம்பிரிய வேந்தர் எக்ஃபிரித்தின் அரசி. அரச வாழ்வைத் துறந்த அவர், 673இல் சதுப்பு நிலம் சூழ்ந்த ஈலித் தீவில் ஒரு மடத்தை நிறுவினார். 679இல் கழுத்தில் தோன்றிய கட்டியால் இறந்தார். ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை 731இல் எழுதி முடித்த பீட் இவ்விறப்பை விரிவாகக் கூறுகிறார். இளமையில் வீணாக ஆரங்கள் அணிந்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனையாகவே எதெல்டிரெடா அக்கட்டியை மகிழ்ந்து ஏற்றாராம். 16 ஆண்டுகளுக்குப் பின் உடலை இடம் மாற்றியபோது, மருத்துவர் கினெஃப்ரித் அறுத்த புண் ஆறி மெல்லிய தழும்பாகக் காணப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தி.

மக்கள் வழக்கில் எதெல்டிரெடா 'ஆட்ரி' ஆனார். அவரது திருநாளையொட்டி ஈலியில் கூடிய சந்தையில் கழுத்தில் அணியும் பட்டு நாடாக்கள் விற்கப்பட்டன. அவை 'செயின்ட் ஆட்ரி லேஸ்' எனப்பட்டன. அக்கால ஆங்கிலத்தில் 'லேஸ்' என்பது இன்றைய பின்னல் துணியன்று, கயிறு அல்லது நாடா. 'செயின்ட்' என்பதன் ஈற்று மெய் அடுத்து வந்த உயிரோடு ஒன்றி, முன்பகுதி தேய்ந்து 'டாட்ரி' எஞ்சியது. தமிழ்ப் புணர்ச்சி இலக்கணம் அறிந்தோருக்கு இம்மாற்றம் வியப்பளிக்காது. இலண்டனில் புனித ஓலாவின் பெயர் 'டூலி' தெருவாகியதும் இவ்வாறே. ஆரம் அணிந்ததைப் பாவமெனக் கருதிய ஒருவரின் விழாவில் கழுத்தணியே முதன்மைச் சரக்கானது விந்தைதான். எனினும் 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க அறிஞர் நிக்கொலஸ் ஹார்ப்ஸ்ஃபீல்டு, அப்புனிதரின் நினைவாகவே பெண்கள் அதனை அணிந்தனர் என்று கருதினார்.

சந்தைச் சரக்கின் தரம் தாழ்ந்ததால் சொல்லின் பொருளும் தாழ்ந்தது என்பது பரவலான விளக்கம். மதச் சீர்திருத்தத்தைக் காரணமாகக் காட்டவும் இடமுண்டு. ஈலி மடம் 1539இல் கலைக்கப்பட்டது. ஆனால் அதற்கு 40 ஆண்டுகளுக்குப் பின், 1579இல் வெளிவந்த ஸ்பென்சரின் 'ஷெப்பர்ட்ஸ் காலண்டர்' இந்நாடாவை அழகிய அணியாகவே குறிக்கிறது. எனவே கல்லறைத் திருத்தலத்தின் அழிவு மட்டுமே சொல்லைத் தாழ்த்திவிடவில்லை.

1611இல் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' இங்குக் கூடுதல் ஒளி தருகிறது. அதில் டாட்ரி நாடாவைக் கேட்பவள் மாப்ஸா என்னும் இடைச்சி. அச்சூழலில் சரக்கு விற்பவன் ஆட்டோலிகஸ், ஏமாற்றுக்காரனான கூவி விற்பவன். நாடாவை யாரும் பழிப்பதில்லை. அதற்கு ஆசைப்படும் நாட்டுப்புறத்தாரைக் கண்டே அவையோர் சிரிக்கின்றனர். ஏறத்தாழ 1599இல் எழுதப்பட்ட 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் 'ஆட்ரி' என்பதே ஆடு மேய்க்கும் பெண்ணின் பெயர். அரசியின் பெயர் அதற்குள் நகைப்புக்குரிய சிற்றூர்ப் பெயராகிவிட்டிருந்தது. 'டாட்ரி' தனிப் பெயரடையாக இகழ்ச்சிப் பொருளில் பரவியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே, நாடாவின் தரத்தைக் காட்டிலும், அதனை வாங்கிய உழைக்கும் பெண்களின் சுவை பற்றி நகரத்தார் கொண்ட மதிப்பீடே இச்சொல்லில் மிகுதியாகப் பதிந்துள்ளது எனக் கொள்வது பொருந்தும். ஆட்ரி என்னும் பெயரோ இக்கறை படியாமல் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு இடப்படுகிறது.