இலை பார்க்கப் போட்ட சாலை

சாலை என்று ஒன்று போட்டால் அது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சந்தைக்கோ, கோர்ட்டுக்கோ, கோயிலுக்கோ, மாமியார் வீட்டுக்கோ! மனிதன் சாலை போடத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆனால், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதுகின்மேல் விசித்திரமான சாலை ஒன்று ஓடுகிறது. வர்ஜீனியாவில் 105 மைல் வரை அதற்கு ஸ்கைலைன் டிரைவ் என்று பெயர். அது முடிகிற இடத்தில் தொடங்கி, வட கரோலினாவின் கோடி வரை 469 மைல் போவதற்கு புளூ ரிட்ஜ் பார்க்வே என்று பெயர். அவசரக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. முதல் பகுதியில் மணிக்கு 35 மைல், அடுத்ததில் 45 மைல். அதற்குமேல் போகக் கூடாது. விளம்பரப் பலகைகள் கிடையாது. சரக்கு லாரி நுழைய முடியாது. பிரயாணியை எங்கேயும் கொண்டு சேர்ப்பது இந்தச் சாலையின் நோக்கமே அல்ல. போகிற வழியெல்லாம் அவனைப் பார்க்க வைப்பதுதான் அதன் நோக்கம்.

பார்ப்பதற்கு அக்டோபர் மாதமே உகந்த மாதம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல் அந்த ஊர்க்காரர்கள் இலைக்கு நாள் பார்க்கிறார்கள். மலைமேல் உள்ள விடுதிகளில் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடித்து வைக்கிறார்கள்.

இலை பழுப்பது நமக்குத் தெரியாத அதிசயம் அல்ல. நாட்டு வாதுமையின் அகன்ற இலை சிவந்து விழுவதை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அங்கே அது ஒரு மரத்தோடு நிற்காமல், மலை முழுவதும் பற்றிக்கொள்கிறது. பகல் குறைந்து குளிர் வந்ததும் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. கோடை முழுவதும் அதன் அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. டூலிப் மரமும் ஹிக்கரியும் பொன்னாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்பு வேறு கதை. இலையில் தேங்கிய சர்க்கரையைக்கொண்டு, உதிர்வதற்கு முன் மரம் புதிதாகச் செய்துகொள்ளும் நிறம் அது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைந்து போகாத அளவுக்குக் குளிரும் இருந்தால் சிவப்பு ஓங்கும்.

திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. வசந்தம் மலை ஏறும். இலையுதிர் காலம் மலை இறங்கும். பார்க்வே, ஜேம்ஸ் நதிக் கரையில் சுமார் 650 அடி உயரத்தில் இருக்கிறது. ரிச்லண்ட் பால்சம் என்ற இடத்தில் 6,053 அடிக்கு ஏறிவிடுகிறது. மேலே அக்டோபர் தொடக்கத்திலேயே நிறம் மாறும். பள்ளத்தாக்குக்கு அது வந்து சேர மாதக் கடைசி ஆகிவிடும். ஆகையால் நாள் தவறிப் போனவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சற்றுக் கீழே இறங்கினால் அங்கே இலைகள் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

திட்டம் இவ்வளவுதான். ஆனால் சாலையின் கதை இவ்வளவு சுலபமானது அல்ல.

1930-ல் வர்ஜீனியாவில் கடும் வறட்சி. ஆப்பிள் தோட்டக்காரர்களும் சிறு விவசாயிகளும் வழி தெரியாமல் நின்றார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஹூவருக்கு அதே மலையில் ராப்பிடான் நதியின் தலைப்பில் ஓய்வு முகாம் ஒன்று உண்டு. மீன் பிடிக்க அங்கே வருவார். மலை முகட்டின்மேல் சாலை போட்டால் பார்க்க நன்றாயிருக்கும், பட்டினி கிடக்கும் ஜனங்களுக்கும் கூலி கிடைக்கும் என்று யோசனை பிறந்தது. 1931-ல், வறட்சி நிவாரணப் பணத்தைக் கொண்டு ஸ்கைலைன் டிரைவில் மண்வெட்டி விழுந்தது. அடுத்து வந்த ரூஸ்வெல்ட், 1933-ல், வேலையில்லாத இளைஞர்களுக்கென்று ஒரு படையையே திரட்டினார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். சாலையோரத்துக் கைப்பிடிச் சுவர்களையும், கார் நிறுத்திப் பார்க்கும் மேடைகளையும் கட்டியவர்கள் அந்தப் பையன்கள்தாம். மரங்களும் நட்டார்கள். ஏழை வயிற்றுக்குச் சோறு போட்ட சாலை என்ற வகையில் அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அந்தப் பையன்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காலியான வீடுகளை இடிப்பதும் கொளுத்துவதும் அந்த வேலை.

வீடுகள் ஏன் காலியாயின? சாலையைச் சுற்றி ஷெனாண்டோவா தேசியப் பூங்கா அமைக்க 1926-லேயே அனுமதி கிடைத்திருந்தது. நிலத்தை வாங்கித் தர வேண்டியது வர்ஜீனியா ராஜ்யத்தின் பொறுப்பு. பூங்காவுக்கு வேண்டியிருந்தது ஆளில்லாத காடு. அங்கே இருந்ததோ ஆள் இருக்கிற காடு. தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, ஆப்பிள் பறித்து வாழ்ந்த ஜனங்கள். 1928-ல் ராஜ்யம் தனிச் சட்டம் செய்து நிலங்களைக் கையகப்படுத்திற்று. சொந்த நிலம் உள்ளவர்களுக்கு ஏதோ ஒரு விலை கிடைத்தது. வாரத்துக்கு இருந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது. ஏறக்குறைய 500 குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. சில வயோதிகர்களை மட்டும், இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார்கள். அவர்களில் கடைசியாக ஒரு மூதாட்டி 1979 வரை இருந்தாள்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கதையில் உறுத்தக்கூடிய பகுதி ஒன்று உண்டு. அந்த ஜனங்களை வெளியேற்றுவதற்குப் பேனாவும் துணை போயிற்று. 1933-ல் வெளிவந்த 'ஹாலோ ஃபோக்' என்ற புத்தகம், அவர்களை உலகமே அறியாத, எழுத்து வாசனையற்ற, நாகரிகத்தில் பின்தங்கிய ஒரு கூட்டமாகச் சித்திரித்தது. பட்டணத்தில் படித்தவர்கள், 'ஐயோ பாவம், இவர்களைக் கீழே கொண்டுவருவது புண்ணியம்' என்று எண்ணிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் அந்த மலையிடுக்குகளில் தோண்டிப் பார்த்தார்கள். பீங்கான் பாண்டங்கள், மருந்துப் புட்டிகள், இசைத்தட்டின் துண்டுகள், குழந்தைகளின் பொம்மைகள் எல்லாம் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் கடையில் வாங்கியதைத்தான் மேலே இருந்தவர்களும் வாங்கியிருக்கிறார்கள்.

எழுத்து வாசனை இல்லை என்றார்களே, அவர்கள் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக் கட்டாகத் தஸ்தாவேஜுகளில் கிடைத்தன. 2009-ல் அவை புத்தகமாகவும் வந்தன. பெரிய நியாயம் கேட்டு எழுதியவர்கள் சிலர். அநேகர் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீடு காலியாகிவிட்டதே, அதன் ஜன்னலையும் கதவையும் கழற்றிக்கொள்ளலாமா? விதைத்ததை அறுத்துக்கொண்டு போக அவகாசம் உண்டா? மரத்திலுள்ள ஆப்பிளைப் பறிக்கலாமா? தன் பாட்டன் நட்ட மரத்தில் பழம் பறிக்க மனுப் போட்டு உத்தரவுக்குக் காத்திருப்பதைவிட ஒரு குடியானவனுக்கு வேறு என்ன தாழ்வு வேண்டும்?

காடும் தன் பங்குக்கு அவர்களைக் கைவிட்டிருந்தது. அந்த மலைகளில் செஸ்ட்நட் மரம்தான் ராஜா. அதன் கொட்டை மனிதருக்கு ஆகாரம், பன்றிக்குத் தீனி, சந்தையில் காசு. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயை 1904-ல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையின் மரங்களில் முதன்முதலாகக் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 400 கோடி மரங்கள் மாண்டுபோயின. இன்று அக்டோபரில் பார்க்கும் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும், செஸ்ட்நட் விட்டுப்போன இடத்திலும், உழவன் விட்டுப்போன வயலிலும் வளர்ந்தவை. ஆதிகாலத்து வனம் என்று பிரயாணி மெய்ம்மறந்து பார்க்கும் காட்டுக்கு, பல இடங்களில், நூறு வயதுகூட ஆகவில்லை.

தெற்கே பார்க்வே வேலை 1935 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. அதன் அழகுக்கெல்லாம் வழி வகுத்த ஸ்டான்லி அபட் அப்போது முப்பது வயது நிறையாத இளைஞர். எந்த வளைவில் எந்தப் பள்ளத்தாக்கு கண்ணில் பட வேண்டும், எந்த வேலி தெரிய வேண்டும் என்பது வரையில் அவரும் அவருடைய சகாக்களும் யோசித்தார்கள். யோசனை சில சமயம் எல்லை மீறிற்று. மேப்ரி மில் என்ற தண்ணீர் ஆலை இன்று அந்தச் சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் படம் பிடிக்கும் இடம். ஆலைக்காரர் குடியிருந்தது, பலகை அடித்த நல்ல மாடி வீடு. மலைவாசி அப்படி வாழ்ந்தால் பார்க்க ரஸமாயிராது என்றோ என்னவோ, அதை இடித்துவிட்டு, வேறொரு ஊரிலிருந்து மரக்கட்டைக் குடிசை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தார்கள். வடக்கே, பின்தங்கியவன் என்று சொல்லித் துரத்தினார்கள். தெற்கே, முன்னேறியிருந்தவனைப் பின்தங்கியவனாக வேஷம் கட்டி நிறுத்தினார்கள்.

பார்க்க வந்தவர்களிலும் எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. ஷெனாண்டோவாவில், கறுப்பு மக்களுக்கென்று லூயிஸ் மலையில் 1939-ல் தனி இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பிரிவினை முற்றிலும் ஒழிய 1950 ஆயிற்று. இலைக்கு எத்தனை நிறம் இருந்தாலும் கொண்டாடுகிற மனிதன், தன் இனத்தில் இரண்டு நிறத்தைப் பொறுத்துக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது!

பார்க்வே முழுமையாக முடிய 52 வருஷங்கள் சென்றன. கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைகளுக்குக் காயம் படக் கூடாது என்பதற்காக, சரிவை ஒட்டி வளைந்து செல்லும் லின் கோவ் பாலத்தைக் கட்டி, 1987-ல் கடைசி இடைவெளியை மூடினார்கள். பாறைக்குக் காட்டிய அந்த இரக்கம் மெச்சத் தகுந்தது. மனிதர்களுக்கும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

2024 செப்டம்பர் கடைசியில், இலை சிவக்கும் பருவம் தொடங்கும் வேளையில், ஹெலீன் என்ற புயல் அந்த மலைகளின்மேல் வந்து அடித்தது. மண் சரிந்தது, எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன, பார்க்வே முழுவதையுமே மூட நேர்ந்தது. ஆகையால், போக நினைக்கிறவர்கள் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

அப்படிப் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடவே சேர்த்துக்கொள்ளட்டும். ஷெனாண்டோவாவைச் சுற்றியுள்ள ஊர்களில், வெளியேறிய குடும்பங்களின் ஞாபகமாகக் கல்லால் புகைபோக்கிகள் கட்டியிருக்கிறார்கள். வீடு எரிந்த பின்பும் எரியாமல் நின்றது புகைபோக்கி ஒன்றுதானே! பூங்காவுக்குள்ளும், காரை நிறுத்திவிட்டுக் காட்டுவழியில் கொஞ்ச தூரம் நடந்தால், இடிந்த கல்வேலியும், பெயர் அழிந்த சமாதிக் கற்களும் தென்படும். அங்கே ஓக் மரங்களுக்கு நடுவே, யாரும் கவனியாமல் கிளை முறுக்கிக்கொண்டு, ஓர் ஆப்பிள் மரம் மஞ்சளாக இலை உதிர்த்துக்கொண்டிருக்கலாம். ஆப்பிள் அந்தக் காட்டில் தானாக முளைத்த ஜாதி அல்ல. யாரோ ஒருவர், தம் பேரன் பறிப்பான் என்று நம்பி நட்டது அது.