ஓய்வுக்கு ஏறிய மலை



சித்திரை பிறந்துவிட்டால் சமவெளியில் வாழும் நமக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று கடற்கரை, மற்றொன்று மலை. செல்வர் மட்டுமல்லர், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரும் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் பிள்ளைகளை உதகைக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். ஆயினும் இவ்வழக்கம் நம்மிடையே மிகப் பழையதன்று. நம் முன்னோர் மலை ஏறினர். அது தெய்வத்தைத் தொழுவதற்கு. கடலுக்குச் சென்றனர், அது புனித நீராடுவதற்கு. ஓய்வு ஒன்றையே கருதி ஓரிடம் சென்று தங்கும் பழக்கம் நீலகிரியில் எவ்வாறு தோன்றியது, யாருடைய உழைப்பால் வளர்ந்தது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

மலைக்கு முன்னே மருந்தாக இருந்தது கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர் காய்ச்சலால் நலிந்தால், மருத்துவர்கள் அவர்களைக் கப்பலேறச் சொல்வது வழக்கம். பலர் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, மாதக்கணக்கில் தங்கி, உடல் தேறித் திரும்பினர். அதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. அத்தகைய குளிர்ந்த காற்று அருகிலேயே கிடைக்குமாயின் அதனை அவர்கள் நாடியதில் வியப்பில்லை.

அக்காற்று கிடைக்கும் இடத்தை ஊரறியச் செய்தவர் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-ஆம் ஆண்டில் அவர் நீலகிரிமீது ஏறினார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் தங்கிய மாளிகையை இன்றும் காணலாம். 1822-இல் உதகையில் ஒரு கல்வீடு கட்டத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தினுள் உள்ளது. இன்று நாம் படகு விடும் ஏரியும் அவர் முயற்சியால் வெட்டப்பட்டதே.

ஆனால், அவர் கண்டது ஆளில்லாத மலையன்று. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வந்தனர். 1603-லேயே பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மலையேறித் தோடர்களைக் கண்டு எழுதியிருக்கிறார். பிறர் ஓய்வுக்காக வீடு கட்டிய புல்வெளி, தோடர்களுக்கு எருமை மேய்க்கும் நிலம். அந்நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டென்று சல்லிவனே அரசாங்கத்திடம் வாதாடினார். இருப்பினும் ஊர் வளர வளர மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இனி, மலைக்கு வந்தவர்கள் எவ்வாறு வந்தனர் என்று காண்போம். 1834-ஆம் ஆண்டில் மெக்காலே கப்பலில் சென்னை வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு அப்பொழுது உடல்நலங் கருதி உதகையில் தங்கியிருந்தமையால், மெக்காலேயும் அங்கே புறப்பட்டார். ஏறத்தாழ 400 மைல். அத்தனை தூரமும் அவர் மனிதர் தோள்மீது பல்லக்கிலேயே பயணம் செய்தார். இனிய பயணம் என்று அவர் தம் கடிதத்தில் மகிழ்ந்து எழுதினார். சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் ஓய்வு மற்றொருவர் தோளில் ஏறிச் சென்றதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1847-இல் ரிச்சர்டு பர்ட்டன் என்னும் இராணுவ அதிகாரி நோய் விடுப்பில் வந்தார். அவர் பம்பாயிலிருந்து பாய்மரப் படகில் கோவா சென்று, கள்ளிக்கோட்டை வழியாக மலையேறினார். கடற்காற்று, மலைக்காற்று ஆகிய இரண்டையும் ஒரே விடுப்பில் நுகர்ந்த அவர், உதகை வாழ்வு சலிப்பூட்டியதென்று 1851-இல் வெளியிட்ட நூலில் கேலி செய்தார்.

நோயாளிகளுக்குப் பின்னே அரசாங்கமே மலையேறியது. 1870 முதல் சென்னை மாகாண அரசு, கோடை தோறும் தஸ்தாவேஜுகளுடனும் சிப்பந்திகளுடனும் உதகைக்குச் செல்லலாயிற்று. வெயிலில் வாடும் மக்களின் வரிப்பணத்தில் இச்சுகவாசம் தகுமோ என்று இந்தியப் பத்திரிகைகள் கண்டித்தன. நாடு விடுதலை பெற்றபின் அவ்வழக்கம் மறைந்தது.

மலையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பெருமை இரயிலுக்கு உரியது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் பாதை அமைந்தது. 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 46 கிலோமீட்டர் ஓடி, 2,203 மீட்டர் உயரத்தை அடைகிறது. செங்குத்தான கல்லாறு – குன்னூர்ப் பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறுகிறது. பல்லக்குத் தூக்கிகளின் வேலையை நீராவி ஏற்றுக்கொண்டது. சீட்டு வாங்கியவர் எவராயினும் ஏறலாம் என்ற நிலையும் வந்தது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆயினும் சுமை முற்றும் இறங்கிவிட்டதாகக் கருதுவதற்கில்லை. குன்னூர் வழியில் நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் தேயிலைச் சரிவுகளை எண்ணிப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியா ஏற்பதற்கு வழி செய்தது. தலைமுறைகளாக இலங்கை மலைநாட்டில் உழைத்த தமிழர்கள் அவர்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே இன்று டான்டீ எனப்படுகிறது. கடல் கடந்து வந்து, மலையேறி, மீண்டும் கூடையைத் தோளில் மாட்டிய குடும்பங்கள் அவை. நமக்கு இரண்டு நாள் குளிர்ச்சி. அவர்களுக்கு ஆண்டு முழுதும் அதே பனியில், அதே சரிவில், கொழுந்து பறிக்கும் வேலை.

மலையும் இன்று களைத்திருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. இதனைத் தொல்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஒரு காலத்தில் பதவியே மலைக்கு நுழைவுச் சீட்டாக இருந்தது. இன்று எவரும் செல்லலாம்; மலை தாங்கும் அளவுக்குச் செல்லுங்கள் என்பதே வேண்டுகோள். இரண்டும் ஒன்றல்ல.

ஓய்வு பாவமென்று நான் கூறவில்லை. உழைப்பவர்க்கு ஓய்வு உரிமை. அது சிலர் சொத்தாக இருந்த நிலை மாறியது நல்லதே. ஆனால் உரிமைக்குக் கடமையும் உண்டு. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும், நமக்குப் பணிசெய்வோருக்கு முறையான கூலி கொடுப்பதும், தோடர்களின் மந்து வேடிக்கை பார்க்கும் இடமன்று, அவர்கள் குடியிருக்கும் வீடு என்று உணர்ந்து நடப்பதும் அக்கடமையில் அடங்கும். இவ்வளவும் செய்தால் நம் ஓய்வு பிறர் தோளில் அத்துணை பாரமாக அழுந்தாது.