சந்தை ஏற்க மறுத்த நாவலாசிரியர்: சார்ல்ஸ் செஸ்நட்

ஆப்பிரிக்க அமெரிக்க நாவலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பினக் கலை இயக்கத்திலோ எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டிலோ தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள் வழியாக மூன்று நாவல்களை வெளியிட்டுவிட்டார் சார்ல்ஸ் வாடெல் செஸ்நட். மூன்றாவது நாவல் 1905இல் வந்தது. 1932இல் அவர் இறக்கும்வரை நான்காவது நாவல் அச்சேறவில்லை.

1858இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர் முடிந்ததும் சொந்த ஊரான வட கரோலினாவின் ஃபயட்வில்லுக்குத் திரும்பினார்கள். அங்கே கறுப்பின ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் 22 வயதிலேயே முதல்வரானார் செஸ்நட். வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். தோல் நிறம் அப்படி. அவர் அதைச் செய்யவில்லை. தானே சுருக்கெழுத்து கற்று, கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, 1887இல் ஒஹாயோ வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தொழில் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'அட்லான்டிக் மந்த்லி' அவருடைய கதையை வெளியிட்டது. எழுதியவர் கறுப்பினத்தவர் என்பது வாசகர்களுக்குத் தெரியாது. பழைய தோட்ட வாழ்வை ஏக்கத்தோடு நினைவுகூரும் விசுவாசமான முதிய அடிமைதான் அன்றைய பத்திரிகைகளுக்குப் பிடித்த பாத்திரம். செஸ்நட்டும் ஒரு முதியவரையே, ஜூலியஸ் மாமாவையே, கதைசொல்லியாக்கினார். ஆனால் ஜூலியஸ் சொல்லும் கதைகளில் ஏக்கம் இல்லை. 'போ சாண்டி'யில், எசமானர் தன்னைத் தோட்டம் தோட்டமாக இரவல் அனுப்புவது பொறுக்காத சாண்டி, மந்திரம் தெரிந்த மனைவியால் மரமாகிறான். அவள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட வேளையில் மரம் வெட்டப்பட்டு, அறுவை ஆலைக்குப் போகிறது. மாயக்கதை என்று ரசித்தவர்களின் கையில் அடிமை முறையின் கொடுமையையே வைத்தார் செஸ்நட்.

1899இல் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடெரிக் டக்ளஸின் வாழ்க்கை வரலாறும் வந்தன. துணிந்து தொழிலை மூடிவிட்டு முழுநேர எழுத்தாளரானார். 1900இல் முதல் நாவலான 'தி ஹவுஸ் பிஹைண்ட் த சீடர்ஸ்' வெளியானது.

பிறகு வந்ததுதான் அவருடைய மிகப் பெரிய நூல்: 'தி மாரோ ஆஃப் ட்ரெடிஷன்' (1901). 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டனில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்றது. கறுப்பினப் பத்திரிகை அலுவலகத்தை எரித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தைக் கவிழ்த்தது. மூன்றே ஆண்டுகளில் அதை நாவலாக்கினார். கலவரத்தில் மகனைப் பறிகொடுத்த கறுப்பின மருத்துவர் மில்லரிடம், அதைத் தூண்டிய பத்திரிகையாசிரியரின் குழந்தையைக் காப்பாற்றும்படி கெஞ்சுகிறார்கள். இறுதியில் மில்லரின் மனைவி அவரை அனுப்பிவைக்கிறாள்.

முந்தைய ஆண்டு சிறுகதைகளைப் பாராட்டிய விமர்சகர் வில்லியம் டீன் ஹவெல்ஸ், இந்த நாவலில் கசப்பு மிகுந்திருப்பதாக வருந்தினார். இறுதிக் காட்சியை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நியாயமற்றது. கதை பழங்காலத்தில் இருந்தவரை கேட்டவர்கள், அது நேற்றைய கொலைகளைப் பேசியதும் முகம் திருப்பிக்கொண்டார்கள். நூல் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. செஸ்நட் சுருக்கெழுத்துக்கே திரும்பினார். 1905இல் வந்த 'தி கர்னல்ஸ் ட்ரீம்' நாவலும் தோற்றது.

1928இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்தது. பெட்டியில் கிடந்த 'மேண்டி ஆக்ஸென்டைன்', 'தி குவாரி' போன்ற நாவல்கள் 1990களில்தான் நூலாயின. செஸ்நட்டைப் புதிதாகப் படிப்பவர்கள் 'போ சாண்டி'யில் தொடங்குங்கள். அதோடு நிறுத்திவிடாமல் வில்மிங்டன் நாவலையும் படியுங்கள்.